படகில் வாசித்த ஓலை

கப்பல் ஏறிய முதல் நாள் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். இரண்டாம் நாள் அதை ஒரு கட்டாக உயர்த்தினேன். மூன்றாம் நாள் காலையில், வாந்தியெடுக்க வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாத நிலையில், மொட்டை, கெடா வெட்டு, ஊருக்கே சாப்பாடு என்று போய்விட்டேன். நல்லவேளையாக அன்று மத்தியானம் தரை தெரிந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தையும் அவர் பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். போர்ட் பிளேயரில் இறங்கி ஒரு டீ குடித்ததும் கெடா வெட்டு கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியது. இரண்டாவது டீயில் மெழுகுவர்த்தியே போதும் என்று முடிவு செய்தேன்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க அந்தமான் போனவன் இல்லை. ஒரு துண்டுக் கடிதம் வாங்கப் போனவன். என் தங்கை ஸ்டெல்லாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அப்பா செத்த வருடம் தள்ளிப்போன கல்யாணம், அதன்பிறகு தள்ளிப்போவதையே பழக்கமாக்கிக்கொண்டது. கடைசியில் இண்டூர்க்காரர் அருளப்பன் என்பவரோடு கூடி வந்தது. அவர் அந்தமானில் தீவுக்குத் தீவு போகும் ஒரு மோட்டார் படகுக்குச் சாரங்கு, அதாவது படகை ஓட்டுகிற தலைவர். இண்டூரில் தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர்தான். கிணற்றில் நீச்சல் பழகியவன் கடலில் படகு ஓட்டுகிறான் என்பதை எங்கள் அம்மா கடைசிவரை நம்பவில்லை. "மெட்ராஸ் துறைமுகத்துக்கு மாத்தல் வாங்கிட்டு வந்தா பொண்ணு தரேன், அக்கரைக்கெல்லாம் அனுப்ப முடியாது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மாற்றல் கேட்டிருக்கிறேன் என்று மாப்பிள்ளையும் எழுதியிருந்தார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் பங்குச் சாமியார், அதாவது ஊர்க் கோயில் ஃபாதர், குறுக்கே விழுந்தார். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கோயிலில் எல்லோருக்கும் கேட்க அறிவிப்பதுதான் ஓலை. மாப்பிள்ளை இத்தனை வருடம் வெளியூரில் இருந்திருக்கிறார், அங்கே அவருக்குக் குடும்பம் எதுவும் இல்லை என்று அந்த ஊர்ச் சாமியார் எழுதிக் கொடுத்தால்தான் ஓலை வாசிப்பேன் என்று நின்றார் எங்கள் சாமியார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சிக்மகளூர் காப்பித் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளைக்கு மூன்று ஓலையும் வாசித்து, பந்தலும் போட்டாகிவிட்டது. கல்யாணத்தன்று காலையில் பெங்களூர் பஸ்ஸில் அவனுடைய முதல் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். எல்லாம் கலைந்த பிறகு பந்தியிலும் உட்கார்ந்து, மோர் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அதிலிருந்து எங்கள் சாமியாருக்கு வெளியூர் மாப்பிள்ளை என்றாலே எழுத்தில் அத்தாட்சி வேண்டும்.

அந்தமான் சாமியாருக்கு இரண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை. நான் வந்த கப்பல் ஒன்பது நாளில் திரும்பும். மாப்பிள்ளைக்கு லீவும் அதே கப்பலுக்குத்தான். அதற்கடுத்த கப்பல் வருவதற்குள் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசுக்காலம் தொடங்கிவிடும், தவசில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. தவசு முடிவதற்குள் அவர் லீவு முடிந்துவிடும். அடுத்த லீவு மூன்று வருடம் கழித்து. அதனால் ஒன்பது நாளுக்குள் கடிதம் கையில் வர வேண்டும். யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்துகொண்டு ஊரார் எல்லோரையும் சான்றிதழுக்கு அலையவிட்டவன் நான். அந்தப் பாவம் என்னைக் கடல் தாண்டி அலையவிட்டது.

முதல் நாள் மலைமேல் இருந்த கோயிலுக்கு மூச்சிரைக்க ஏறிப் போனேன். சாமியார் வீட்டுச் சமையற்காரர் தூத்துக்குடிக்காரர், வாசலில் உட்கார்ந்து மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஃபாதர் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"ஃபாதர் என்னிக்கு இங்க இருந்தாரு?" என்றார். "ஒவ்வொரு தீவுலயும் பத்து வீடு, இருபது வீடுன்னு சனம் கெடக்கு. படகு கெடைச்சா போவாரு, திரும்பப் படகு கெடைச்சா வருவாரு. இப்ப ஹேவ்லாக்குல இருப்பாரு. நீங்க மீன் திம்பீங்கள்லா?"

படகுத்துறைக்குப் போய் அருளப்பனின் படகு எங்கே என்று கேட்டேன். வடக்கே போயிருக்கிறது என்றார் அங்கிருந்த குமாஸ்தா. எப்போது வரும் என்றேன். "வரும்போது" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் வண்டி எப்போது என்று கேட்டால் இதே பதில்தான் வரும், இதே முகத்தோடு.

இரண்டாம் நாள் ஹேவ்லாக் போகும் படகில் ஏறினேன். அதில் செங்கல், கெரசின் டின், இரண்டு ஆடு, ஒரு கூடை வாத்து, நாற்பது மனிதர்கள். வாத்துக்கு மட்டும் உட்கார இடம் இருந்தது. நடுக்கடலில் இஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றுபோனது. எங்கள் பக்கம் பஸ் நின்றால் முதலில் கண்டக்டரைத் திட்டுவோம், அப்புறம் டிரைவரை, அப்புறம் அரசாங்கத்தை. இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் பையிலிருந்து தூண்டில் கயிற்றை எடுத்துக் கடலில் போட்டார்கள். இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கும் ஒரு கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் ஒரு வாளி மீன் சேர்ந்தது, அங்கேயே அடுப்பு மூட்டிக் குழம்பும் கொதித்தது. இஞ்சின் சரியானபோது, குழம்பு இறக்கட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள்.

ஹேவ்லாக்கில் முக்கால்வாசிப் பேர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒரு குடியானவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். கடுகெண்ணெயில் மிதந்த மீன். முதல் கவளம் மூக்கு வழியாக வெளியே வரப் பார்த்தது, மூன்றாவது கவளத்தில் இன்னொரு துண்டு கேட்டேன். உங்கள் ஊரில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார். மீன் கிடையாது, கேழ்வரகுக் களி சாப்பிடுவோம் என்று அரைகுறை இங்கிலீஷிலும் கை ஜாடையிலும் விளக்கினேன். அவர் மனைவி உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். கணவர் சிரித்துக்கொண்டே எனக்கு எடுத்துச் சொன்னார். "அதை மாட்டுக்குத்தானே போடுவார்கள், பாவம், இன்னும் கொஞ்சம் சோறு போடு என்கிறாள்." களிக்காக நான் சண்டை போட்டிருக்க வேண்டும். சோறு வந்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

ஃபாதர் அன்று காலைதான் மரம் ஏற்றும் படகில் லாங் தீவுக்குப் போய்விட்டாராம். மூன்றாம் நாள் முழுக்கப் படகே இல்லை. கடற்கரையில் உட்கார்ந்து கடலை முறைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், வானம் வரைக்கும் மரங்கள் என்று காலண்டரில் போடலாம் போல இருந்தது. ஒருவேளை தங்கை கல்யாணத்துக்குக் கடிதம் தேடாமல் வந்திருந்தால் எனக்கும் அழகாகத் தெரிந்திருக்கும்.

நான்காம் நாள் லாங் தீவு போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றியிருந்தது. படகு துறைக்கு அரை பர்லாங் முன்னாலேயே நின்றுவிட்டது, இறங்கி நடங்கள் என்றார்கள். முழங்கால் சேறு. பாதி வழியில் சேறு என் வலது கால் செருப்பைக் கேட்டது, கொடுத்தேன். கரையேறியதும் இடது செருப்பை நானே தூக்கிப் போட்டேன். மரக்கட்டை டிப்போவில் விசாரித்தால், ஃபாதர் நேற்று ரங்கத் போய்விட்டார் என்றார்கள். ஒரு ராஞ்சிக் கூலியாள் என் கெண்டைக்காலில் இருந்த அட்டைகளை எண்ணிப் பார்த்து உப்புத் தடவி உருவினார். அவரும் எங்களைப் போல வேதக்காரர் என்பது கழுத்திலிருந்த உத்தரியத்தை, அந்தச் சாமி படத் துணியை, பார்த்துத் தெரிந்தது. சாரங்கு அருளப்பனைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, நல்ல மனிதன் என்றார். அப்புறம், கொஞ்சம் கோபக்காரன் என்றார். அப்புறம், எல்லோரும் அப்படித்தான் என்றார். இதை வைத்துக்கொண்டு எங்கள் சாமியாரிடம் என்ன சொல்வது?

ஐந்தாம் நாள் சின்ன மோட்டார் தோணியில் சதுப்புக் காட்டுக்குள் புகுந்து ரங்கத் பக்கம் இறங்கி, அங்கிருந்து லாரியில் போனேன். முன்னால் ஒரு யானை மரம் இழுத்துக்கொண்டு நடுரோட்டில் போனது. டிரைவர் ஹாரன் அடிக்கவே இல்லை. ஏன் என்றேன். "போன மாசம் அடித்தேன், ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டது" என்றார் தெலுங்கில். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெலுங்கு வரும், ஆகவே அது ஒன்று மட்டும் எனக்கு நேராகப் புரிந்தது. நான்கு மைல் தூரம் யானையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனோம்.

ஃபாதர் தோமினிக் ஒரு பலாமரத்தடியில் நாவிதரிடம் முடி வெட்டிக்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றி அழுக்குத் துணி, லுங்கி, வாயில் பீடி. ராஞ்சிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். பாதி வெட்டிய தலையோடு என்னை நிமிர்ந்து பார்த்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இங்கிலீஷில் பதில் சொன்னார்.

"உங்கள் சாமியாரின் கடிதம் இரண்டும் வந்தது. என்ன எழுதுவது? அவன் எந்தத் தீவில் இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது. திங்களன்று ஒரு துறை, செவ்வாயன்று ஒரு துறை. பூசைக்கு வருவான், பிரசங்கம் முடிவதற்குள் கடல் ஏறுகிறது என்று ஓடிவிடுவான். ஒரு ஊரில் இருந்தால் அந்த ஊரில் ஓலை வாசிக்கலாம். படகில் இருப்பவனுக்கு எங்கே வாசிப்பது?"

"சும்மா ஒரு வரி எழுதிக் கொடுங்க ஃபாதர். நல்ல பையன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றேன்.

"எல்லோரும் என்றால் யார்?"

அட்டை எடுத்தவரைச் சாட்சியாகச் சொல்ல முடியவில்லை. அவர் பீடியை ஒரு இழுப்பு இழுத்து யோசித்தார். நாளை மறுநாள் அருளப்பனின் படகு இந்தப் பக்கம் வந்து போர்ட் பிளேயர் திரும்புகிறது, நானும் அதில்தான் போகிறேன் என்றார். "அவன் குடியிருப்பது படகு. அவனை அறிந்த ஊரும் படகுதான். படகிலேயே வாசித்துவிடுகிறேன். ஒருவரும் தடை சொல்லவில்லை என்றால் அங்கேயே கையெழுத்து." எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. நாவிதர் கத்தியோடு நின்றதால் விழவில்லை.

ஏழாம் நாள் படகு வந்தது. அருளப்பனை முன்பு ஒரே ஒரு தடவை, மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தது. கறுத்து, இறுகி, கண் ஓரம் சுருங்கி வேறு ஆளாக இருந்தார். என்னைப் பார்த்ததும் படகிலிருந்து தாவி வந்து பையை வாங்கிக்கொண்டார்.

"வாங்க மச்சான்! என்னங்க, கால்ல செருப்பு இல்லாம வந்திருக்கீங்க?"

"உங்க கடலு கேட்டுச்சு மாப்ள, குடுத்துட்டேன்" என்றேன்.

கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து, கடல் சமமாக இருந்த இடத்தில், ஃபாதர் அங்கியை மாட்டிக்கொண்டு மேல்தட்டில் ஒரு அரிசி மூட்டை மேல் ஏறி நின்றார். அருளப்பன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றார். அந்த இடத்தில் கடலுக்கடியில் பவளப்பாறை அதிகம், திரும்பிப் பார்க்கக்கூட முடியாது. ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்கும். படகில் வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள், பர்மாவிலிருந்து வந்தவர்கள் என்று அறுபது பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் பொதுவான இந்தியில் ஃபாதர் ஓலையை வாசித்தார். இந்தச் சாரங்குக்கு இன்ன ஊர்ப் பெண்ணோடு கல்யாணம், இவரைப் பற்றித் தடையாக ஏதாவது தெரிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்று முடித்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த அறுபது பேரில் கோயிலில் ஓலை கேட்டவர்கள் எட்டுப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள், சாரங்கு மேல் புகார் விசாரிக்க அரசாங்கம் ஒரு சாமியாரை அனுப்பியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் போல எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

முதலில் ஒரு வங்காளிக் கிழவர். துறையில் படகை இடித்து நிறுத்தியதில் தன் பலாப்பழக் கூடை கடலில் விழுந்தது, மூன்று பழம் என்றார். அடுத்தது ஒரு ராஞ்சிக்காரர். கிறிஸ்துமஸ் பூசைக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஏற்றிக்கொண்டு, பூசை முடிந்து எல்லோரும் கேக் தின்னும்போது கொண்டுபோய் இறக்கினான் என்றார். ஒரு வாத்தியார், விடியற்காலையில் இவன் ஊதுகிற சங்கில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் விழித்து அழுகின்றன என்றார். இன்னொருவர், சங்கு சரியாகவே ஊதுவதில்லை, அதனால் இரண்டு தடவை படகைத் தவறவிட்டேன் என்றார். உடனே வாத்தியாருக்கும் அவருக்கும் சண்டை. ஒரு அம்மாள், காலடியில் கட்டியிருந்த தன் கெடாவைக் காட்டி, அரிசி மூட்டைக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு இதை மழையில் நிறுத்தினான், அன்றிலிருந்து இதற்கு இருமல் என்றார். ஃபாதர் ஒவ்வொன்றையும் எனக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார், அவர் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

கூண்டிலிருந்து தலையைத் திருப்பாமலே அருளப்பன் இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். கெடா விஷயத்தில் மட்டும் தாங்க முடியாமல் தமிழில் என்னிடம் முறையிட்டார். "மச்சான், நீங்களே சொல்லுங்க. மழய நானா பேய வச்சேன்?"

ஃபாதர் கையை உயர்த்தினார். இதெல்லாம் தடை இல்லை என்றார். பிறகு எது தடை என்று கூட்டம் கேட்டது. "இவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருந்தால், அது தடை" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓரமாக உட்கார்ந்து வெற்றிலைக் கட்டு பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. நீல் தீவுக்காரி, வாரா வாரம் இந்தப் படகில் வெற்றிலை கொண்டுபோய் விற்பவள். தலையைக்கூட நிமிர்த்தாமல் ஏதோ சொன்னாள். சிரிப்பு நின்றுபோனது.

"என்ன ஃபாதர்?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இருக்கிறாளே என்கிறாள். நீல் தீவில் இவனுக்கு வீடு இருக்கிறதாம். வாரத்துக்கு ஒரு தடவை சாமான் கொண்டுபோய் வைக்கிறானாம். பித்தளைக் குடம், கண்ணாடி, பெட்டி. போன மாதம் மாவரைக்கும் கல் ஒன்று வந்ததாம், நாலு பேர் தூக்கினார்களாம்."

"நானும் தூக்கினேன், இன்னும் இடுப்பு வலிக்கிறது" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து காட்டினார்.

அந்தப் பெண் இன்னும் ஒன்று சொன்னாள். ஃபாதர் மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் கேட்டு வாங்கினேன். "பெண் இல்லாத வீட்டுக்கு அரைக்கிற கல் எதற்கு என்கிறாள்."

சிக்மகளூர்க்காரியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும், மோர் வரைக்கும் சாப்பிட்டதும் கண்முன் வந்தன. ஸ்டெல்லா முகமும் வந்தது. கூண்டுக்குப் போனேன். அருளப்பனின் காது சிவந்திருந்தது. பார்வை தண்ணீர்மேலேயே இருந்தது.

"என்ன மாப்ள இது? வூடு இருக்குதா, இல்லையா?"

"இருக்குதுங்க."

"பொம்பள?"

"நாளைக்கு காலைல நீல்ல நிக்கும். நீங்களே வந்து பாத்துருங்க மச்சான்."

"நான் கேக்கறது ஆமாவா, இல்லையா?"

"நான் சொல்லக் கூடாதுங்க" என்றார். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

யாருக்கு வாக்கு என்று கேட்டதற்கு, பாறை வருகிறது, தள்ளி நில்லுங்கள் என்றார். சுக்கான் கையில் இல்லாமலிருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன். அறைந்தால் பாறையில் மோதி அறுபது பேரும், கெடாவும் போய்விடுவார்கள். திரும்பி வந்து மூட்டைமேல் உட்கார்ந்தேன். அந்த வங்காளிக் கிழவர் எனக்கு ஒரு பலாச்சுளை கொடுத்தார். தின்ன முடியவில்லை.

எட்டாம் நாள் காலையில் நீல் தீவில் இறங்கி மூன்று பேரும் நடந்தோம். வயல் வரப்பு, வெற்றிலைக் கொடிக்கால், அதைத் தாண்டி மேட்டில் ஒரு பலகை வீடு, தகரக் கூரை. பக்கத்தில் கொஞ்சம் நிலத்தைக் கொத்திக் கேழ்வரகு விதைத்திருந்தது. மழை அதிகமாகி முக்கால்வாசி அழுகிப்போயிருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. கதவில் பூட்டு. அருளப்பன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே ஒருவரும் இல்லை. ஒருவர் இருந்த அடையாளமும் இல்லை. அடுப்பில் புகை படியவில்லை. பித்தளைக் குடத்தில் கடைக்காரர் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. ஆட்டுக்கல்லைக் கொத்தி வைத்திருந்தார்கள், குழியில் கல் தூள் அப்படியே கிடந்தது, மாவு பட்டதே இல்லை. ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியிருந்தது, தையல் கோணல், ஆம்பளை தைத்தது. அங்கே கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அருளப்பன் சுவரில் ஆணியில் குத்தியிருந்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதையும் படிச்சிருங்க மச்சான். இனிமே என்னாத்த மறைக்கிறது."

ஸ்டெல்லாவின் கையெழுத்து. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுகிற அதே உருண்டை எழுத்து.

'ஆட்டுக்கல் ஒண்ணு, கைக்கு அடக்கமா. அம்மி வேண்டாம், நான் கொண்டாரேன். குடம் ரெண்டு. கண்ணாடி, முகம் முழுசாத் தெரியற மாதிரி. கேவுரு வெதைச்சுப் பாருங்க, வந்தா வரட்டும். மெட்ராஸ் மாத்தல் கேக்க வேண்டாங்க. கேட்டிருக்கேன்னு அம்மாவுக்கு மட்டும் எழுதுங்க. இங்க தெருவுல இறங்குனா இன்னும் ஆகலையான்னு கேக்கறாங்க. அங்க கேக்க ஆளில்லன்னு எழுதியிருந்தீங்க, எனக்கு அது போதும். இந்த வூட்டப் பத்தி எங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. ஓலை முடிஞ்சு கல்யாணம் ஆகட்டும்.'

அக்கரையில் இருக்கிறவன்தான் ஏமாற்றுவான் என்று எங்கள் பங்குச் சாமியார் நினைத்தார். ஏமாற்றியது எங்கள் வீட்டுக்குள்ளேயே, தினம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அவளுக்காகச் சேற்றில் செருப்பை விட்டேன், அட்டைக்கு ரத்தம் கொடுத்தேன். அவளோ காகிதத்திலேயே என்னைவிட முன்னால் இந்தத் தீவுக்கு வந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறாள். கோபத்தில் காகிதத்தைக் கசக்கப் போனேன். கோபம் பொய் சொன்னதற்கு மட்டும் இல்லை. மூன்று நாள் கடலுக்கு அப்பால் போகப்போகிறாள், வருடக்கணக்கில் அவளைப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஃபாதருக்குத் தமிழ் தெரியாது. வாசலில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கடிதம் யார் எழுதியது? ஒரு பெண்ணா?"

"ஆமா ஃபாதர்."

"மனைவியா?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். நாளைக்குக் கப்பல் போய்விடும், தவசு வந்துவிடும், மூன்று வருடம் ஓடிவிடும். ஸ்டெல்லா எங்களோடேயே இருப்பாள். அம்மாவும் நிம்மதியாக இருப்பார். அருளப்பனுக்கும் அது தெரிந்திருந்தது. படகில் அத்தனை கத்தியவர், இங்கே சுவரோரமாக நின்று, காகிதம் இருந்த ஆணியைத் தடவிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் இரண்டு வரி இருந்தது.

'கட்டில் ஒண்ணு, எங்க அண்ணன் வந்தா படுக்க. அவரு ஆறடி ஆளு, சின்னதா வாங்கிடாதீங்க, கால் தொங்கும்.'

நான் உட்கார்ந்திருந்த கட்டிலைப் பார்த்தேன். ஆறடிக்கும் மேலேயே இருந்தது. என்னால் அடக்க முடியவில்லை, அந்தச் சாமியார் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"மிஸ்டர், எனக்குப் பதில் வேண்டும்" என்றார் ஃபாதர். "தடை இருக்கிறதா, இல்லையா?"

"இல்ல ஃபாதர். எழுதுங்க" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்துகொண்டு, எழுத உட்கார இடம் எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தேன்.